இன்னொரு பாட்டிலா, நார்அட்ரினலினா?

இரவு ட்யூட்டியில் சிஸ்டர்கள் அதிகம் கேட்கும் கேள்வி, "சார், பாட்டில் முடியப் போகுது, அடுத்தது போடட்டுமா?" என்பதுதான். அரைத் தூக்கத்தில் "போடுங்க" என்று சொல்லிவிடுவது ரொம்பச் சுலபம். வேலூரிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், 8 படுக்கை ஐசியு உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். அந்த "போடுங்க"வை நானும் நிறையத் தடவை சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அது ஒரு கார்த்திகை மாதம். ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து 45 வயது அம்மா ஒருவர் ஏழு நாள் காய்ச்சலோடு வந்தார். பிபி 78/40. இடது மார்பின் மடிப்புக்குக் கீழே, சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்பாக ஒரு புண். சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல். வழியில் ஒரு கிளினிக்கில் ஏற்கெனவே 4 பாட்டில் நார்மல் சலைன் ஏறியிருந்தது. மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா ரொம்பக் களைப்பா இருக்காங்க சார், குளுக்கோஸ் ஏத்துங்க சார்" என்றார். நான் குளுக்கோஸ் ஏற்றவில்லை. ஆனால் இன்னும் 3 பாட்டில் சலைன் ஏற்றினேன். ஒவ்வொரு பாட்டிலுக்கும் பிபி கொஞ்சம் ஏறும், அரை மணியில் இறங்கிவிடும். விடியற்காலை நாலு மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆறு மணிக்கு வென்டிலேட்டர் போட வேண்டியதாயிற்று. அவருடைய எடை 48 கிலோ. உள்ளே போனது மூன்றரை லிட்டர். அவர் பிழைத்து, நடந்தே வீட்டுக்குப் போனார். ஆனால் வென்டிலேட்டரில் அவர் கிடந்த ஒன்பது நாளில் பாதியாவது நான் ஏற்றிய தண்ணீரால் வந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து வட்ட மருத்துவமனைகளிலும் நர்சிங் ஹோம்களிலும் தனியாக ட்யூட்டி பார்க்கும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஷாக்கில், அதாவது பிபி விழுந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல், வரும் நோயாளிக்கு முன்னால் நமக்கு இருக்கும் வழிகள் (பாட்டில் திரவம், பிபியை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து) என்ன, எதை எப்போது எடுப்பது என்பதுதான் விஷயம்.

முதலில் பாட்டிலுக்குள் இருப்பதைப் பார்ப்போம். நார்மல் சலைன் என்ற பெயரில் நார்மல் என்று இருந்தாலும் அதில் அப்படி எதுவும் இல்லை. லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியம், 154 மில்லிமோல் குளோரைடு. நம் ரத்தத்தில் குளோரைடு 100 சொச்சம்தான். மூன்று நாலு லிட்டர் ஏறினால் குளோரைடு கூடி, ரத்தம் அமிலமாகும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும். ஆர்எல் எனும் ரிங்கர் லாக்டேட்டில் சோடியம் 130, குளோரைடு 109, பொட்டாசியம் 4, லாக்டேட் 28, கொஞ்சம் கால்சியம். ரத்தத்துக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமானது.

இந்த வித்தியாசம் உயிரைக் காப்பாற்றுகிறதா? 2018-ல் அமெரிக்காவில் நடந்த ஸ்மார்ட் ஆய்வில் 15,802 ஐசியு நோயாளிகள். சாவு, டயாலிசிஸ், தொடர்ந்து நீடித்த சிறுநீரகப் பாதிப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சலைனில் 15.4 சதவீதம், ஆர்எல் மாதிரியான திரவங்களில் 14.3. அப்புறம் 2021-ல் பிரேசிலில் நடந்த பேசிக்ஸ், 2022-ல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த ப்ளஸ், இரண்டிலும் சாவில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆக, ஒரு பாட்டில் ஏற்றும்போது எதுவானாலும் சரி. மூன்று தாண்டும் என்று தோன்றினால் நான் ஆர்எல் பக்கம். கிடைப்பதில் சிரமம் இல்லை, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆர்எல்லைச் சுற்றி நம்மிடம் ஒரு பயம் உண்டு: "கிட்னி பேஷன்ட்டுக்கு வேண்டாம், பொட்டாசியம் இருக்கு." அதில் இருப்பது 4 தான். பொட்டாசியம் 6 இருக்கும் ரத்தத்தில் 4 உள்ள திரவம் கலந்தால் அளவு ஏறாது. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியது சலைன் ஏற்றியவர்களுக்குத்தான். அமிலம் கூடியதால் பொட்டாசியம் செல்லை விட்டு வெளியே வந்துவிட்டது. ஆர்எல் உண்மையிலேயே ஆகாத இடங்கள் வேறு. தலையில் அடிபட்டு மூளை வீங்கியிருந்தால் சலைன்தான். விடாத வாந்தியால் குளோரைடு இழந்தவருக்கும் சலைன். ரத்தம் ஏற்றும் அதே லைனில் ஆர்எல் கூடாது. செஃப்ட்ரியாக்ஸோன் எனும் ஆன்டிபயாடிக்கை ஆர்எல்லில் கலக்கவும் கூடாது, இரண்டையும் ஒரே லைனில் ஓட்டவும் கூடாது. கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். காய்ச்சல் என்று வருகிற ஒவ்வொருவருக்கும் செஃப்ட்ரியாக்ஸோன் போகிற ஊர் நம்முடையது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது மகன் கேட்ட அந்த "குளுக்கோஸ்", ஷாக்குக்கு மருந்தே இல்லை. சர்க்கரை எரிந்து போனதும் மிச்சம் வெறும் தண்ணீர், அது செல்லுக்குள்ளெல்லாம் பரவிவிடும், ரத்தக்குழாயில் நிற்பது ரொம்பக் கொஞ்சம்தான். ஹெஸ் எனும் ஸ்டார்ச் திரவத்தைத் தொட வேண்டாம். 2012-ல் வந்த 6எஸ் ஆய்வில், 90 நாளில் ஸ்டார்ச் ஏற்றியவர்களில் 51 சதவீதம் பேரும் ரிங்கர் வகைத் திரவம் ஏற்றியவர்களில் 43 சதவீதம் பேரும் இறந்தார்கள். ஆல்புமின் கெட்டது இல்லை. 2004-ல் சுமார் 7,000 பேரை வைத்துச் செய்த சேஃப் ஆய்வில் அது சலைனுக்குச் சமமாகத்தான் இருந்தது. தலைக்காயத்தில் மட்டும் மோசம். சமமானதற்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்க, கம்மலை அடகு வைக்கச் சொல்வது எனக்கு மனம் ஒப்பவில்லை. ஈரல் சுருங்கியவர்களுக்கு வயிற்று நீர் எடுக்கும்போதும், அந்த நீரில் கிருமி சேர்ந்தபோதும் அதற்கு இடம் உண்டு. மற்ற நேரத்தில் பெரும்பாலும் தேவைப்படாது.

எந்த பாட்டில் என்பது அவ்வளவுதான். எத்தனை பாட்டில் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

நம் பக்கத்தில் விவசாயம் தெரிந்தவர்களுக்கு இதைக் கிணறு, மோட்டார், பைப் என்று சொன்னால் உடனே புரியும். கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் பயிர் வாடும். மோட்டார் ஓடாவிட்டாலும் வாடும். பைப் அகலமாகித் தொளதொளத்துப் போனாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராது. மூன்றிலும் பிபி குறையும், ஆனால் வைத்தியம் மூன்றுக்கும் வேறு வேறு. வாந்திபேதியில் கிணறு வற்றிவிடுகிறது. மாரடைப்பில் மோட்டார் பழுது. கிருமி ரத்தத்தில் பரவும் செப்சிஸில் பைப் தளர்கிறது, அதோடு ஓட்டையும் விழுகிறது. ஓட்டைப் பைப்பில் மேலும் மேலும் தண்ணீர் விட்டால் வரப்புதான் நிறையும். உடம்பில் அந்த வரப்பு நுரையீரல். நல்ல உடம்பிலேயே 500 மில்லி ஆர்எல் ஏற்றினால், ஒரு மணி நேரம் கழித்து ரத்தக்குழாயில் நிற்பது கால் பங்கு அளவுக்குத்தான். செப்சிஸில் அதுவும் கிடையாது. என் நோயாளிக்கு அரை மணிக்கு ஒரு தடவை பிபி இறங்கியது அதனால்தான்.

நார்அட்ரினலின் தளர்ந்த பைப்பை இறுக்குகிறது. தமனியை இறுக்கி பிபியை ஏற்றுவது எல்லோருக்கும் தெரியும். அது சிரைகளையும் இறுக்குகிறது என்பதை மறந்துவிடுகிறோம். ரத்தத்தில் பெரும்பங்கு, சுமார் 70 சதவீதம், சிரைகளில்தான் சும்மா தேங்கி நிற்கிறது. அவை இறுகினால், வெளியிலிருந்து ஒரு சொட்டு ஏற்றாமலே இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடும். நோயாளியின் சொந்த ரத்தத்தையே ஒரு பாட்டில் ஏற்றின மாதிரி. இந்தக் கணக்கு எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆனது.

2001-ல் எமர்ஜென்சியில் ஆறு மணி நேரத்துக்குள் நிறையத் திரவம் ஏற்றிச் செய்த ஓர் அமெரிக்க ஆய்வில் சாவு 46.5 சதவீதத்திலிருந்து 30.5-க்குக் குறைந்தது. 263 பேர்தான். ஆனாலும் உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. எங்கள் தலைமுறை படித்ததும் அதைத்தான். அதே முறையைப் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்த மூன்று ஆய்வுகள் 2014, 2015-ல் வந்தன. அந்த நன்மை எதிலும் இல்லை. அதற்கு முன்பே, 2011-ல், உகாண்டா, கென்யா, தான்சானியாவில் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த 3,141 குழந்தைகளிடம் ஃபீஸ்ட் ஆய்வு நடந்தது. வேகமாகத் திரவம் ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்தில் இறந்தவர்கள் 10.5 சதவீதத்துக்கு மேல். அப்படி ஏற்றாதவர்களில் 7.3. இதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

இப்போதைய நேரடி ஒப்பீடுகள் இரண்டு. 2022-ல் ஐரோப்பாவில் க்ளாசிக், 1,554 பேர். 2023-ல் அமெரிக்காவில் க்ளோவர்ஸ், 1,563 பேர். இரண்டிலும் முதலில் குறைந்தது ஒரு லிட்டராவது எல்லோருக்கும் போனது. அதற்குப் பிறகு ஒரு பக்கம் தாராளமாகத் திரவம், இன்னொரு பக்கம் கட்டுப்பாடு. க்ளோவர்ஸில் கட்டுப்பாட்டோடு சீக்கிரமே நார்அட்ரினலினும் போனது. சாவில் வித்தியாசம் இல்லை. க்ளாசிக்கில் கட்டுப்பாட்டுப் பக்கம் 42.3 சதவீதம், தாராளப் பக்கம் 42.1; க்ளோவர்ஸில் அதே வரிசையில் 14.0, 14.9. "அப்போ எது செஞ்சாலும் ஒன்றுதானே" என்று சிலர் கேட்கிறார்கள். அப்படி இல்லை என்பதுதான் என் கருத்து. அந்த ஆய்வுகள் நடந்த இடங்களில், நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டால் வென்டிலேட்டர் அடுத்த படுக்கையிலேயே இருக்கும். ஜாம்பியாவில், வென்டிலேட்டர் எளிதில் கிடைக்காத ஒரு மருத்துவமனையில், இதேபோல் செப்சிஸோடு பிபி இறங்கி வந்தவர்களை வைத்து 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. திட்டம் போட்டுத் திரவத்தைக் கூட்டி ஏற்றியவர்களில் 48.1 சதவீதம் பேர் இறந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் 33.0. ஆலங்காயத்திலோ ஒடுகத்தூரிலோ இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு இந்த இரண்டு உலகங்களில் எது நெருக்கம் என்று யோசித்துப் பாருங்கள்.

2021 சர்வதேச செப்சிஸ் வழிகாட்டியும் முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி என்பதைக் கட்டாயத்திலிருந்து இறக்கி, பரிசீலிக்கலாம் என்ற நிலையில் வைத்திருக்கிறது. 48 கிலோ அம்மாவுக்கு அது 1,440 மில்லி, மூன்று பாட்டில்கூட நிறையவில்லை. நம் ஊரில் 40, 45 கிலோ எடையில் எத்தனை பேர் வருகிறார்கள்! அவர்களுக்கும் கணக்கில்லாமல் "ரெண்டு லிட்டர்" என்று எழுதிவிடுகிறோம். எடை பார்க்காமல் பாட்டில் எண்ணிக்கை எழுதுவதை மட்டும் விட்டுவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

என் வழக்கம் இது. முதல் பாட்டில் ஆர்எல் ஓடும்போதே டயஸ்டாலிக் எனும் கீழ் பிபியைப் பார்க்கிறேன். 45-க்குக் கீழே, கை கால் கதகதப்பாக இருந்தால் பைப் தளர்ந்துவிட்டது. இரண்டாவது பாட்டிலோடு நார்அட்ரினலினும் ஆரம்பம். சராசரி பிபி 65 இலக்கு. தாய்லாந்தில் 310 பேரிடம் நடந்த சென்சர் ஆய்வில் நார்அட்ரினலினைச் சீக்கிரம் ஆரம்பித்தவர்களில் 76 சதவீதம் பேருக்கு ஆறு மணி நேரத்தில் ஷாக் கட்டுக்குள் வந்தது, மற்றவர்களில் 48.

"சென்ட்ரல் லைன் இல்லாம எப்படி சார் போடுறது?" என்பது அடுத்த கேள்வி. கழுத்து மாதிரி இடத்தில் பெரிய சிரைக்குள் போடும் குழாய்தான் சென்ட்ரல் லைன். அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அந்த 2021 வழிகாட்டி சொல்கிறது. புறங்கையில் வேண்டாம். முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ, நல்ல சிரையில் 18 அல்லது 20 கேஜ் வென்ஃபிளான் ஊசிக்குழாய். பிபி கட்டும் கையில் போடாதீர்கள். அந்த இடத்தை மூடி மறைத்து பிளாஸ்திரி ஒட்டாமல், கண்ணில் படும்படி வையுங்கள். மணிக்கு ஒரு தடவையாவது தொட்டுப் பாருங்கள். வெளுப்போ வீக்கமோ வலியோ தெரிந்தால் உடனே கை மாற்றுங்கள். இன்னொன்று: ஆம்ப்யூலில் எழுதியிருப்பது பைடார்ட்ரேட் (உப்பு வடிவம்) அளவா, பேஸ் (மருந்து மட்டும்) அளவா என்று படியுங்கள். 2 மில்லிகிராம் பைடார்ட்ரேட்டில் பேஸ் 1 மில்லிகிராம்தான். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இந்த இரட்டைக் கணக்கில் டோஸ் பாதியாகும், அல்லது இரண்டு மடங்காகும்.

சரி, அடுத்த பாட்டில் வேண்டுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிவிபி (இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய சிரையின் அழுத்தம்) 8-லிருந்து 12 என்று மனப்பாடம் செய்தோமே, அது இதற்கு உதவாது. ஸ்கேனில் பெரிய சிரையின் அகலம் ஓரளவு உதவும், தானாக மூச்சு விடுபவர்களிடம் ஏமாற்றும். காலைத் தூக்கிப் பார்ப்பது நல்ல சோதனை: தலைப்பக்கம் உயர்ந்த நிலையிலிருந்து, கட்டிலைச் சாய்த்து, உடம்பைத் தட்டையாக்கிக் காலை 45 டிகிரிக்கு உயர்த்தினால் சுமார் 300 மில்லி ரத்தம் காலிலிருந்து இதயத்துக்கு வரும். ஒரு நிமிஷத்தில் பலன் தெரிந்துவிடும். காலை இறக்கினால் அந்த ரத்தமும் திரும்பிப் போய்விடும், பாட்டில் மாதிரி உள்ளேயே தங்கிவிடாது. ஆனால் இதயம் தள்ளும் ரத்த அளவை எக்கோவில் பார்த்தால்தான் முழுப் பயன். பிபியை மட்டும் பார்த்தால் அரைகுறை.

என் கையில் எப்போதும் இருப்பது லேபில் கேட்டு வாங்கிய ஒரு கண்ணாடி ஸ்லைடு. வலது ஆள்காட்டி விரலின் உள்பக்க நுனியில் ஸ்லைடை வைத்து, தோல் வெளுக்கும்வரை அழுத்தி, பத்து விநாடி அப்படியே பிடிக்க வேண்டும். விட்டதும் எண்ண வேண்டும். சிவப்பு மூன்று விநாடிக்குள் திரும்பினால் விரல் வரை ரத்தம் வருகிறது. ஐந்து, ஆறு என்று இழுத்தால் வரவில்லை. 2019-ல் தென் அமெரிக்காவில் 424 பேரிடம் நடந்த ஆண்ட்ரோமெடா ஷாக் ஆய்வு இதையும், ஷாக்கில் ஏறும் ரத்த லாக்டேட்டையும் ஒப்பிட்டது. 28 நாளில் விரலைப் பார்த்தவர்கள் பக்கம் சாவு 34.9, லாக்டேட் பக்கம் 43.4 சதவீதம். புள்ளியியல்படி உறுதியான வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் லாக்டேட் மெஷினே இல்லாத நமக்கு, விரல் எந்த வகையிலும் குறைந்ததில்லை என்பதே பெரிய செய்தி. ஏசியை 18-ல் வைத்த அறையில் விரல் சில்லிட்டுப் போய்த் தப்பாகக் காட்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வேலூர் வெயில், உள்ளே மார்கழிக் குளிர் என்பது நம் ஐசியுக்களின் வழக்கம்.

விரலுக்கு ரத்தம் வந்துவிட்டால், பிபி கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பாட்டில் வேண்டாம், நார்அட்ரினலின் போதும். விரலுக்கு வரவில்லை, காலைத் தூக்கினால் பலன் தெரிகிறது என்றால் 250 மில்லி, திரும்பவும் விரல். ஐசியுவில் பிபி குறைந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் திரவத்தால் இதயம் கூடுதலாக ரத்தம் தள்ளும். மீதிப் பாதிப் பேருக்கு நாம் ஏற்றுவது நுரையீரலுக்குத்தான் போய்ச் சேர்கிறது.

நோய் என்ன என்பதைப் பொறுத்து இந்தத் தராசு சாயும். வாந்திபேதியில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. கடுமையாக வற்றிய பெரியவருக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அதில் 30 முதல் அரை மணியில், 70 அடுத்த இரண்டரை மணியில், ஆர்எல். இங்கே நார்அட்ரினலின் தேடுவது தப்பு, வற்றிய கிணற்றில் பைப்பை இறுக்கி என்ன பயன்? டெங்குவில் வழிகாட்டி ஹெமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. அது ஏறிக்கொண்டு, மேல் பிபிக்கும் கீழ் பிபிக்கும் இடைவெளி 20-க்குக் குறைந்தால் கிலோவுக்கு 5-லிருந்து 10 மில்லி ஒரு மணி நேரத்தில். பிபியே விழுந்துவிட்டால் இன்னும் வேகமாக. ஹெமடோக்ரிட் இறங்கிக்கொண்டே ஷாக் என்றால் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது, ரத்தம் ஏற்ற வேண்டும். டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது ஒன்றிரண்டு நாளில் நின்று, வெளியே போன நீரெல்லாம் உள்ளே திரும்பும். அந்த நாளில் டிரிப்ஸை நிறுத்தாதவர்கள்தான் மூச்சுத் திணறலில் மாட்டுகிறார்கள்.

ஸ்க்ரப் டைஃபஸில் ஓட்டை பெரியது. இங்கே திரவத்தைவிட முதல் டோஸ் ஆன்டிபயாடிக்தான் முக்கியம். வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்தி 2023-ல் வந்த இன்ட்ரெஸ்ட் ஆய்வு, கடுமையான ஸ்க்ரப் டைஃபஸில் டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்ந்து ஊசியாகப் போவது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று காட்டியது. ஐப்பசியிலிருந்து தை வரை காய்ச்சலோடு ஷாக் வந்தால், இரண்டு பாட்டிலுக்கு மேல் கை வைக்கும் முன்னால் அக்குள், தொடை இடுக்கு, மார்பு மடிப்பு எல்லாம் புண்ணைத் தேடுங்கள். கண்ணாடி விரியன் கடித்தவருக்குக் கண்ணும் கன்னமும் உப்பி வந்தால் அங்கேயும் ரத்தக்குழாய் கசிகிறது, கவனம். அரளி விதை தின்று பிபி இறங்கியவருக்கும், நெஞ்சுவலியோடு வேர்த்து வந்தவருக்கும் பழுது மோட்டாரில். பாட்டிலைத் தொடும் முன் ஈசிஜி.

கண்ணுக்குத் தெரியாத பாட்டில்களும் உண்டு. மெரோபெனெம் 100 மில்லியில் மூன்று வேளை, பாரசிட்டமால் பாட்டில் 100 மில்லி நாலு வேளை, அசித்ரோமைசின் 250 மில்லி, பான்டோபிரசோல் 100. ஒரு லிட்டரைத் தாண்டிவிட்டது. இதற்கு மேல் "மெயின்டெனன்ஸ்" என்று மணிக்கு 100 மில்லி. மூக்கு டியூப் வழியாகக் கஞ்சி உள்ளே போகும் நோயாளிக்கு அந்த மெயின்டெனன்ஸ் எதற்கு? மூன்றாம் நாள் நார்அட்ரினலின் இறங்க ஆரம்பித்தால், நான் பார்க்கும் முதல் வேலை அந்த மெயின்டெனன்ஸை நிறுத்துவது. தேவைப்பட்டால், நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்ரூஸமைடு.

கடைசியாக, தூரம். ஜமுனாமரத்தூர் மாதிரி மலை ஊரிலிருந்து வேலூருக்கு வளைந்து வளைந்து வருவது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். 108-ல் சிரிஞ்சு பம்ப் இல்லாவிட்டால் என்ன செய்வது? "வழியில பிபி இறங்குச்சுன்னா இன்னும் ரெண்டு பாட்டில் ஓட்டுங்க" என்று அனுப்புவதுதான் பழைய வழக்கம். நான் அதைவிட, மைக்ரோ டிரிப் செட்டில் நார்அட்ரினலின் கலந்து, 60 சொட்டு ஒரு மில்லி என்று எண்ணி, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பிபி பார்க்கச் சொல்லி அனுப்புவேன். கூட ஒரு சிஸ்டரோ பழகிய டெக்னீஷியனோ இருந்தால் மட்டும். யாரும் இல்லாவிட்டால் மலை வளைவில் சொட்டு தாறுமாறாக ஓடிவிடும்; அந்த நிலையில் ஆர்எல்லை மெதுவாக ஓட்டிக்கொண்டு, ஆன்டிபயாடிக் முதல் டோஸைப் போட்டே அனுப்புவது மேல்.

ரெஃபர் சீட்டில் "ஐவி ஃப்ளூயிட்ஸ் கிவன்" என்று மட்டும் எழுதாதீர்கள். எடை எவ்வளவு, இதுவரை எந்தத் திரவம் எத்தனை மில்லி, நார்அட்ரினலின் எத்தனை மணிக்கு எந்தக் கையில் ஆரம்பித்தது, யூரின் கடைசியாக எப்போது போனது, புறப்படும்போது விரலில் எத்தனை விநாடி. ஐந்து வரி. அந்த அம்மா வந்த அன்று இப்படி ஒரு சீட்டு என் கைக்கு வந்திருந்தால், ஐந்தாவது பாட்டிலைத் தொடங்கும் முன்பே கையை எடுத்திருப்பேன்.